ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி: சட்டம் கேட்பதும் எங்களுக்குக் கிடைத்ததும்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள எந்தப் பள்ளியில் சேரலாம் என்று திருச்சியில் யாரிடம் விசாரித்தாலும், "அங்கே சேர்ந்தால் லைசென்ஸ் உறுதி" என்ற பரிந்துரையே முதலில் வருகிறது. ஒரு பயிற்சிப் பள்ளியின் தரத்தை அளக்க இதைவிடத் தவறான அளவுகோல் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 27-ஆம் விதி, விதிகளுக்கு உட்பட்ட வழியைத் தவிர வேறு வழியில் உரிமம் வாங்கித்தர முடியும் என்ற எண்ணத்தை மாணவருக்கு ஏற்படுத்தக் கூடாது என்று பயிற்சிப் பள்ளிகளுக்குத் தெளிவாகவே தடை விதிக்கிறது. அதே விதிகளின் 24 முதல் 31 வரையுள்ள பகுதி, ஒரு பள்ளியில் என்னென்ன கருவிகள் இருக்க வேண்டும், யார் சொல்லித்தர வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட்ட விட வேண்டும் என்பதையெல்லாம் விரிவாக வகுத்திருக்கிறது. நானும் என் அக்கா மகளும் சேர்ந்து பயின்ற பள்ளியை அந்த விதிகளின்படியே இங்கே மதிப்பிடுகிறேன். எந்த ஊரில் எந்தப் பள்ளியில் சேர்பவருக்கும் இதே கேள்விகள் பயன்படும் என்பதால் பள்ளியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

சேர்க்கை மேசையிலேயே இந்தப் பள்ளி என் மதிப்பைப் பெற்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒருவர், பதினேழு வயது மகனுக்குப் பிறந்தநாள் வர இன்னும் சில மாதங்களே இருப்பதால் இப்போதே ஓட்டக் கற்றுத்தருமாறு கேட்டார். பள்ளியை நடத்தும் அம்மையார் மறுத்ததோடு நிறுத்தாமல், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவு என்ன சொல்கிறது என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளர் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் உள்ளாகலாம். வாகனத்தின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவருக்கு 25 வயது நிரம்பும்வரை உரிமமோ பழகுநர் உரிமமோ கிடைக்காது. பதினாறு வயதில் ஸ்கூட்டருக்காவது உரிமம் கிடைக்காதா என்று அவர் கேட்டதற்கும் சரியான விடை கிடைத்தது. 50 சி.சி.க்கு மேற்படாத இயந்திரம் கொண்ட வண்டிக்கு மட்டுமே அந்தச் சலுகை உண்டு. ஊரெங்கும் ஓடும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியே 99.7 சி.சி. என்பதால் அதைக்கூடப் பதினாறு வயதுப் பிள்ளை தொடக் கூடாது. ஒரு மாணவரின் கட்டணத்தை இழந்தாலும் சட்டத்தைச் சரியாகச் சொல்லி அனுப்பிய அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இந்தப் பள்ளியை மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று அப்போதே தோன்றியது.

நம் ஊர் வழக்கில் எல்.எல்.ஆர். என்று சொல்லப்படும் பழகுநர் உரிமத்துக்கான விண்ணப்பத்தை, பள்ளி அலுவலகத்திலேயே கணினியில் நிரப்பினார்கள். நாற்பது வயதைக் கடந்த எனக்குப் பதிவு பெற்ற மருத்துவர் கையொப்பமிட்ட 1-ஏ படிவம் தேவைப்பட்டது. பத்தொன்பது வயதான அக்கா மகளுக்கு உடல்தகுதி பற்றிய சுய உறுதிமொழியான 1-ஆம் படிவமே போதுமானதாக இருந்தது. இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிவிட்டதால் அலைச்சல் மிச்சமானது. விபத்தில் இறக்க நேர்ந்தால் உடலுறுப்புகளைத் தானம் செய்யச் சம்மதமா என்று விண்ணப்பத்தில் கேட்கப்படும் கேள்வியை, அலுவலக உதவியாளர் தாமாகவே 'இல்லை' என்று நிரப்பிவிடாமல், எங்கள் இருவரிடமும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொண்டதையும் சொல்லியாக வேண்டும். அது விண்ணப்பதாரர் ஒருவரே எடுக்க வேண்டிய முடிவு. அவர் கேட்ட பிறகுதான் அக்கா மகள் அதைப் பற்றி யோசித்துச் சம்மதம் தெரிவித்தாள்.

கட்டண விஷயத்தில்தான் என் முதல் குறை. பயிற்சிக்கும் உரிமத்துக்கும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறார்கள்; அதில் அரசுக்குச் செல்வது எவ்வளவு, பள்ளிக்குச் செல்வது எவ்வளவு என்பது சீட்டில் பிரித்துக் காட்டப்படுவதில்லை. மத்திய விதிகளின்படி வாகன வகை ஒன்றுக்குப் பழகுநர் உரிமக் கட்டணம் 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50 ரூபாய், ஓட்டுநர் தேர்வுக்கு 300 ரூபாய், உரிம அட்டைக்கு 200 ரூபாய். மாநிலம் விதிக்கும் சேவைக் கட்டணம் தனி. இந்தத் தொகைகளை அறிந்த ஒருவர், பள்ளி கேட்கும் மொத்தத் தொகையில் பெரும்பகுதி பயிற்சிக்கானது என்பதையும், ஆகவே பயிற்சியின் நேரத்தையும் தரத்தையும் கேட்டுப் பெறும் உரிமை தமக்கு உண்டு என்பதையும் உணர்வார். நான் கேட்டதும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும் கேட்காதவருக்கும் அந்த விவரம் கிடைக்க வேண்டும்.

வகுப்பறை சிறியது, ஆனால் விதி கேட்கும் பொருள்களில் பெரும்பாலானவை அங்கே இருந்தன. கரும்பலகை, சாலைச் சந்திப்பின் மாதிரிப் பலகை, போக்குவரத்துக் குறியீடுகளின் படங்கள், போக்குவரத்துக் காவலரின் கைச் சைகைகளைக் காட்டும் படம், வெட்டுத் தோற்றத்தில் வைக்கப்பட்ட கியர் பெட்டி, பிரேக் ஷூவும் டிரம்மும், ஜாக்கி, வீல் ஸ்பேனர், காற்றழுத்த மானி, முதலுதவிப் பெட்டி ஆகிய அனைத்தும் தூசி படியாமல், அதாவது பயன்பாட்டில், இருந்தன. வட்ட வடிவக் குறியீடு கட்டாயமாகக் கீழ்ப்படிய வேண்டியது, முக்கோணம் எச்சரிப்பது, செவ்வகம் தகவல் தருவது என்ற அடிப்படையை முதலில் மனத்தில் பதியவைத்துவிட்டு, அதன்பிறகே ஒவ்வொரு குறியீடாகச் சொல்லித்தந்தார்கள். பழகுநர் தேர்வில் 60 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தால் தேர்ச்சி; ஆனால் அந்த 60 விழுக்காட்டை மட்டும் குறிவைத்து விடைகளை மனப்பாடம் செய்யவைக்கும் முறை இங்கே இல்லை. ஆளில்லா ரயில் கடவுப் பாதையை எப்படிக் கடப்பது, விபத்து நேர்ந்தால் 134-ஆவது பிரிவின்படி ஓட்டுநரின் கடமைகள் என்னென்ன, அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பவருக்கு 134-ஏ பிரிவு தரும் பாதுகாப்பு என்ன என்பவற்றுக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கினார்கள். அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டியிருக்கும் என்ற அச்சம் நம் மக்களிடம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் அந்த வகுப்பின் அருமையை உணர்வார்கள்.

அதே வகுப்பறைச் சுவரில் தொங்கிய அபராதப் பட்டியல் மட்டும் பழையது. உரிமமின்றி ஓட்டினால் 500 ரூபாய் என்றும் இருக்கைப் பட்டை அணியாவிட்டால் 100 ரூபாய் என்றும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றி ஓட்டுவதற்கு 181-ஆவது பிரிவு 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இருக்கைப் பட்டைக்கு 194-பி பிரிவின்படி 1,000 ரூபாய். தலைக்கவசம் இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் உரிமத் தகுதி இழப்பும் உண்டு என்ற செய்தியே அந்தப் பட்டியலில் இல்லை. பாடம் நடத்துபவர் வாய்மொழியாகச் சரியான தொகைகளைச் சொன்னார் என்றாலும், காத்திருக்கும் நேரமெல்லாம் மாணவர் கண்ணில் படுவது சுவரில் இருப்பதுதான். சட்டத்தைக் கற்பிக்கும் இடத்தில் காலாவதியான சட்டம் தொங்கக் கூடாது.

இனி வாகனமும் ஆசிரியரும். பயிற்சிக்கு விட்டது ஐந்து கியர் கொண்ட சிறிய கார். இடப்பக்க இருக்கையின் கீழ் ஆசிரியருக்கெனத் தனியே கிளட்ச், பிரேக் மிதிகள் பொருத்தப்பட்டிருந்தன. இந்த இரட்டைக் கட்டுப்பாடு இரு சக்கர வாகனம் தவிர மற்ற எல்லாப் பயிற்சி வாகனங்களுக்கும் விதிப்படி கட்டாயம். சேரும் முன் காரின் கதவைத் திறந்து இடப்பக்க மிதிகள் உண்டா என்று குனிந்து பார்க்குமாறு எல்லோருக்கும் சொல்வேன். வண்டியின் இரு பக்கமும் பள்ளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிற 'எல்' பலகை. அந்தப் பலகைக்கே அளவு உண்டு என்பதை இங்கேதான் அறிந்தேன்: பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமலும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். கடைகளில் விற்கும் சிறிய ஒட்டிகள் பலவும் இந்த அளவுக்கு எட்டாதவை.

எங்களுக்கு அமைந்த ஆசிரியர் முன்பு லாரி ஓட்டியவர். மோட்டார் மெக்கானிக் பயிற்சிச் சான்றும் பெற்றவர். ஐந்தாண்டு ஓட்டும் அனுபவமும் இயந்திரப் பயிற்சிச் சான்றும் இல்லாதவரைப் பயிற்றுநராக நியமிக்கக் கூடாது என்று 24-ஆவது விதி சொல்வதன் காரணம் அவருடைய பாடத்தைக் கேட்கும்போதுதான் விளங்கியது. கிளட்ச்சை ஏன் மெதுவாக விட வேண்டும் என்று கேட்டால், "அப்படித்தான் விடணும்" என்று முடித்துவிடாமல், வகுப்பறையில் இருக்கும் கிளட்ச் தட்டைக் கையில் கொடுத்து, இரண்டு தட்டுகளும் உரசத் தொடங்கும் இடம் எது, அந்த இடத்தில் காலை நிறுத்தினால் வண்டி எப்படி நகரத் தொடங்குகிறது என்பதைக் காட்டிவிட்டு, அதன்பிறகே சாலைக்கு அழைத்துச் செல்வார். தில்லை நகர்க் குறுக்குத் தெருக்களில் தொடங்கி, வயலூர் சாலையின் பேருந்து நெரிசலுக்குப் பழக்கி, தென்னூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி வண்டி பின்னால் உருளாமல் எடுக்கச் செய்வது அவருடைய வரிசை. எம்.ஜி.ஆர். சிலை ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிவரும் வண்டிகளுக்கு வழிவிட்ட பிறகே நுழைய வேண்டும் என்பதை, பின்னால் வருபவர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் விட்டுக்கொடுக்காமல் கடைப்பிடிக்க வைத்தார். 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனங்கள் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் உள்ள விதியே அது. "ஹாரன் அடிக்கிறவருக்காக ஓட்டாதீங்கம்மா, எதிரே வர்ற சைக்கிள்காரருக்காக ஓட்டுங்க" என்று அவர் சொன்னதை இன்றும் ஒவ்வொரு சந்திப்பிலும் நினைத்துக்கொள்கிறேன். அக்கா மகளிடம் குரல் உயர்த்தி ஒரு சொல் பேசியதில்லை. பெண்கள் ஓட்டுவதைப் பற்றி வழக்கமாகக் கேட்க நேரும் கேலியும் அந்தக் காரில் இல்லை. பள்ளியின் மற்ற அம்சங்களையெல்லாம் தள்ளிவைத்தாலும், இந்த ஆசிரியருக்காகச் சேரலாம்.

பயிற்சி நேரத்தில்தான் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கான பயிற்சி 21 நாள்களுக்குக் குறையாமலும், அதில் மாணவர் தாமே ஓட்டும் நேரம் பத்து மணிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது 31-ஆவது விதி. பள்ளி 21 நாள் என்பதைக் கடைப்பிடிக்கிறது. பத்து மணி நேரத்தைக் கணக்கிடும் முறையில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரே காரில் மூன்று மாணவர்களை ஏற்றிக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவராக ஓட்டச் செய்யும்போது, பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் நேரமும் பயிற்சி நேரமாகவே பேச்சில் சேர்ந்துவிடுகிறது. பிறர் ஓட்டுவதைப் பார்ப்பதில் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. அக்கா மகள் கியர் மாற்றும்போது செய்யும் அவசரத்தைப் பார்த்தே என் அவசரத்தை நான் கண்டுகொண்டேன். ஆனால் விதி கேட்பது ஓட்டிய நேரத்தை. ஒவ்வொரு பள்ளியும் மாணவர் சேர்க்கைக்கு 14-ஆம் படிவப் பதிவேட்டையும், ஒவ்வொரு மாணவரும் ஓட்டிய நேரத்துக்கு 15-ஆம் படிவப் பதிவேட்டையும் பராமரித்தாக வேண்டும். நான் 15-ஆம் படிவத்தைக் காட்டச் சொன்னபோது தயங்காமல் காட்டினார்கள். எனக்குக் குறைந்திருந்த நேரத்தைக் கூடுதல் வகுப்புகளால் ஈடுசெய்தார்கள். சேர்பவர் ஒவ்வொருவரும் அந்தப் பதிவேட்டை வாரம் ஒரு முறை கேட்டுப் பார்த்துக் கையொப்பமிடுவது நல்லது. இன்னொரு குறை, இரவில் ஓட்டும் பயிற்சி அறவே இல்லாதது. எதிர்வரும் வண்டியின் முகப்பொளி கண்ணில் அடிக்கும்போது என்ன செய்வது என்பதை விளக்கணைத்த வகுப்பறையில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

வீட்டுக் காரில் தனியே பழகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பழகுநர் உரிமம் வைத்திருப்பவர், முறையான ஓட்டுநர் உரிமம் பெற்ற ஒருவர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் அமர்ந்திருக்கும்போது மட்டுமே ஓட்டலாம். 'எல்' பலகையும் கட்டாயம். இது மத்திய விதிகளின் மூன்றாவது விதி. இதை மீறுவதன் விளைவு அபராதத்தோடு முடிவதில்லை என்பதை ஆசிரியர் காப்பீட்டுப் பத்திரத்தையே விரித்துக் காட்டி விளக்கினார். பத்திரத்தில் ஓட்டுநர் பற்றிய பிரிவில், பழகுநர் உரிமம் உள்ளவர் இந்த மூன்றாவது விதியை நிறைவேற்றினால்தான் வண்டியை ஓட்டலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது. தனியே ஓட்டிச்சென்று விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் தன் பொறுப்பை மறுக்க அந்த ஒரு வரி போதும். பத்திரத்தை வாங்கிப் பீரோவில் வைத்துவிடும் நம் வழக்கத்தில் எத்தனை பேர் அந்த வரியைப் படித்திருப்போம்?

ஓட்டுநர் தேர்வுக்கு விண்ணப்பிக்க, பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கடந்திருக்க வேண்டும். அந்த உரிமம் ஆறு மாதம் வரை செல்லும். பள்ளி 30 நாள் முடிந்த உடனே எங்களை அனுப்பிவிடவில்லை. அக்கா மகளுக்குப் பின்னோக்கி ஓட்டுவதில் தடுமாற்றம் இருந்ததால், இன்னும் சிறிது பழகட்டும் என்று நிறுத்திவைத்தார்கள். மூன்று முறை தவறினால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள்கள் காத்திருக்க வேண்டும், பயிற்சிப் பள்ளியில் மீள்பயிற்சியும் பெற வேண்டும் என்பதால் அந்த நிதானம் சரியானதே. மோட்டார் வாகன ஆய்வாளரை இன்னும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று அழைக்கும் பெரியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். தேர்வு நடத்தும் அந்த ஆய்வாளர் முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பது 15-ஆவது விதியில் பட்டியலாகவே இருக்கிறது: பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்தல், ஏற்றத்திலும் இறக்கத்திலும் வண்டியை எடுத்தல், இடம் வலம் திரும்புதல், முந்துதல், சைகை காட்டுதல், பின்னோக்கி ஓட்டுதல் என்று. பள்ளியில் அந்தப் பட்டியலை அச்சிட்டுக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் குறியிட்டார்கள். தேர்வு நாளில் எங்களிடம் கூடுதல் தொகை எதையும் பள்ளி கேட்கவில்லை என்பதை அழுத்தமாகவே பதிவு செய்கிறேன்.

இந்தப் பள்ளியைப் பிற பள்ளிகளிலிருந்து பிரித்துக்காட்டுவது, உரிமம் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை மாலையில் அவர்கள் நடத்திய 'வண்டி வைத்திருப்போர்' வகுப்பு. பாடத்திட்டத்தில் கட்டாயமில்லாத அதை அவர்களாகவே நடத்துகிறார்கள். நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டியை இயக்கக் கூடாது என்ற 146-ஆவது பிரிவிலிருந்து தொடங்கினார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டும் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டிலேயே முடிந்துவிடுகிறது. பத்திரத்தில் 'மூன்றாண்டு' என்று பார்த்தவர், இரண்டாம் ஆண்டில் தம் கார் நசுங்கினாலும் பணம் வரும் என்று நம்பிவிடுகிறார். இந்த ஒரு விளக்கம் கேட்டு அந்த வகுப்பிலேயே இருவர் தங்கள் பத்திரத்தைக் கைப்பேசியில் எடுத்துப் பார்த்தார்கள். 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி 1,000 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய் என்பதையும், உரிமையாளர் தாமே ஓட்டும்போது அவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு தனி என்பதையும் எழுதிப்போட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று புதிய வண்டிக்கு முதல் ஓராண்டு தேவையில்லை, அதன்பின் பி.எஸ். 4, பி.எஸ். 6 என்ற புகைத் தர நிலைகளைச் சேர்ந்த வண்டிகளுக்கு ஆண்டுக்கொரு முறை, பழைய வகைகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை. பதிவுச் சான்று, அதாவது ஆர்.சி. புக், 15 ஆண்டுகள் செல்லும்; அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததையும் குறிப்பிட்டார்கள்.

வண்டியை விற்பது பற்றிச் சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டது. சாவியையும் ஆர்.சி. புக்கையும் கொடுத்து, வெள்ளைத்தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 50-ஆவது பிரிவின்படி விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். 29, 30-ஆம் படிவங்கள் அதற்கானவை. மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் அளித்த தீர்ப்பைச் சொன்னார்கள். வண்டி கை மாறிக் கை மாறிப் பலரிடம் போயிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பு. காப்பீட்டையும் 14 நாள்களுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய வண்டியை வாங்கும் வணிகரிடம் ஒப்படைத்தாலும், அவர் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்றவரா, ஒப்படைத்ததை முறைப்படி அறிவித்தாரா என்று பார்ப்பது அவசியம்.

இவ்வளவு நல்ல வகுப்பில் ஒரு பிழை இருந்தது, அது சிறியதன்று. உரிமம் காலாவதியான பிறகும் 30 நாள் வரை செல்லும் என்று கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். அந்தச் சலுகை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. இப்போது காலாவதி நாளோடு உரிமத்தின் செல்லுபடி முடிகிறது. அதற்கு ஓராண்டு முன்பிலிருந்தே புதுப்பிக்கலாம், முடிந்து ஓராண்டு வரை தேர்வின்றிப் புதுப்பிக்கலாம், அதைக் கடந்தால் மறுபடி ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டும். கையேட்டை நம்பி அந்த 30 நாளில் ஓட்டுபவர் சட்டத்தின் பார்வையில் உரிமம் இல்லாதவர். சுட்டிக்காட்டியதும் திருத்துவதாகச் சொன்னார்கள். உரிமத்தின் காலமும் அதே திருத்தத்தில் மாறியது: 30 வயதுக்குள் உரிமம் பெற்ற அக்கா மகளுக்கு அது நாற்பது வயது வரை செல்லும், முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட எனக்குப் பத்தாண்டு.

இப்படிப்பட்ட பள்ளியில் சேர்வதா, அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையத்தைத் தேடிச் செல்வதா என்ற கேள்வி, அந்த மையங்களுக்கான விதிகள் நடப்புக்கு வந்த 2021 ஜூலைக்குப் பிறகு எழுந்திருக்கிறது. அந்த மையங்களுக்குச் சமவெளியில் இரண்டு ஏக்கர் நிலம், தேர்வுத் தடம், சாலைக்குச் செல்லாமலே ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் ஆகியவை வேண்டும். இலகு ரக வாகனத்துக்கு நான்கு வாரத்துக்குள் 29 மணி நேரப் பயிற்சி, அதில் 21 மணி நேரம் செய்முறை. அங்கே தேறியவருக்கு ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு உண்டு. பயிற்சி முடித்ததற்குச் சாதாரணப் பள்ளி தரும் 5-ஆம் படிவச் சான்றுக்கு அந்த விலக்கு இல்லை. எனவே எந்தத் தனியார் பள்ளியில் படித்தாலும் தேர்வே வேண்டாம் என்று 2024-இல் பரவிய செய்தி தவறானது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அப்போது விளக்கம் அளித்தது. மையம் அருகில் இருந்து, வேலை நேரமும் இடம்கொடுத்தால், 21 மணி நேரச் செய்முறை என்பதே அதைத் தேர்ந்தெடுக்கப் போதிய காரணம். அது இயலாதவர்களுக்கு இந்தப் பள்ளியை முழு மனத்தோடு பரிந்துரைப்பேன்.

சேர்பவர்கள் கட்டணத்தைப் பிரித்து எழுதிய சீட்டை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காலை ஆறரை மணி வகுப்பில் மாணவர் குறைவு என்பதால் ஓட்டும் நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உரிமம் வந்த பிறகு அதே ஆசிரியரைக் கட்டணம் கொடுத்துச் சொந்தக் காரில் இரவு நேரப் பயிற்சிக்கு அழைத்துக்கொள்ளலாம். பள்ளி அதற்குச் சம்மதிக்கிறது. நாங்கள் இருவரும் அப்படித்தான் மழை இரவொன்றில் திண்டுக்கல் சாலையில் ஓட்டிப் பழகினோம்.